சொன்னவுடன் நிற்கும்

ஸ்டெல்லா டீச்சரின் வாய் திறந்து திறந்து மூடுகிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது. சத்தம் மட்டும் வரவில்லை.

சாதாரணக் குரல் இல்லை அது. பள்ளிக்கூட மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அவர் ஒரு பெயரைச் சொன்னால், அந்தக் கோடியில் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கிற பிள்ளை திரும்பிப் பார்க்கும். அப்படிப்பட்ட குரலை, கருமத்தம்பட்டியில் ஒரு தறிக்குடோன் வாசலில், ஓடிக்கொண்டிருந்த விசைத்தறிகள் அப்படியே விழுங்கிவிட்டன.

வாசலுக்குக் குறுக்கே தரையில் ஒரு மஞ்சள் கோடு. பூங்கொடியின் அப்பா முந்தின நாள்தான் அடித்து வைத்திருந்தார். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை.

பதின்மூன்று வயதுப் பூங்கொடி, பச்சைப் பாவாடையும் இரட்டைச் சடையுமாக, அந்தக் கோட்டை நோக்கி நடந்தாள். டீச்சர் "நில்லு" என்றார். உதடு அசைந்ததை வைத்து எனக்குத் தெரிந்தது. பூங்கொடி டீச்சரைப் பார்க்கவே இல்லை. அவள் கண் முழுக்க உள்ளே சுற்றுகிற மோட்டார் பெல்ட்டின் மேல் இருந்தது.

கோட்டைத் தாண்டினாள்.

அவள் அப்பா சுப்பிரமணி பாய்ந்து வந்து, மகளை இடுப்போடு தூக்கி வெளியே கொண்டுவந்து விட்டார். என் கைப்பையில் ஓரமெல்லாம் ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் காகிதம் ஒன்றை மடித்து வைத்திருந்தேன். 'பூங்கொடி. சொன்னவுடன் நிற்கும். முடிந்தது' என்று அதில் அச்சாகியிருந்தது.

கழற்றிப் போட்ட செருப்புகள்

கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலைக்கு அலைந்த கதையைத்தான் இந்தத் தொடரில் எழுதிக்கொண்டு வருகிறேன். இந்த வேலைக்கு மட்டும் நான் அலையவில்லை. அதுவாக வந்தது.

எங்கள் வீடு பெரியநாயக்கன்பாளையம்; வீட்டுக்குள் தெலுங்கு பேசுவோம். அப்பா சின்னதாக மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். கல்லூரி முடித்து, பெங்களூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். சும்மா உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. பட்டறையில் இருந்த போல்ட், நட்டையெல்லாம் அளவு வாரியாகப் பிரித்து வைத்து, அப்பாவிடம் திட்டு வாங்கியிருந்த நேரம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கை விட்டு எடுத்துப் பழகியவர். நான் ஒழுங்குபடுத்தியதில் அவருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

கோவை டவுனில், சர்ச்சுக்குப் பின்புறம், மனவளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் பள்ளிக்கூடம். ஏதோ ஒரு மில்லில் வேண்டாமென்று ஒதுக்கிய கம்ப்யூட்டரை அங்கே கொடுத்திருந்தார்கள். அதை உயிர்ப்பிக்க ஆள் தேவை என்று அப்பாவின் வாடிக்கையாளர் ஒருவர் சொல்ல, மறுநாளே பஸ் ஏறிவிட்டேன்.

போய்ப் பார்த்தால், பள்ளியிலேயே நல்ல அறை கம்ப்யூட்டருக்குத்தான். ஜன்னலுக்குத் திரை, மேலே புது ஃபேன், வாசலில் வரிசையாகக் கழற்றிப் போட்ட செருப்புகள். தலைமை ஆசிரியை ஸ்டெல்லா டீச்சர் ஞாயிறு தவறாமல் சர்ச் பூசைக்குப் போகிறவர். ஆனால் ஆயுதபூஜைக்கு ஆயாம்மா வந்து கம்ப்யூட்டர் திரையிலேயே சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுப் போனதை அவர் துடைக்கவிடவில்லை.

"இருக்கட்டும் விடு பானு. அதுக்கும் யாராவது வேண்டிக்கணுமில்ல?"

அதனால் நான் அடித்த எல்லாவற்றிலும் நடுவே நாலைந்து எழுத்து சிவப்பாகவே தெரியும்.

அலமாரியில் இருந்த பிள்ளைகள்

டீச்சரின் அலமாரியில் சின்னச் சின்ன அட்டைகள் கட்டுக் கட்டாக இருந்தன. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே ஒரு காரியம். 'டம்ளரைச் சிந்தாமல் பிடிக்கும்.' 'சட்டைப் பொத்தானைப் போடும்.' 'பஸ்ஸில் தன் ஊர் வந்ததும் இறங்கும்.' இதற்குக் கற்றல் நோக்கம் என்று பெயர். வருஷ ஆரம்பத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதற்கேற்ற அட்டைகளைப் பொறுக்கி எடுத்து, அதை வைத்துத்தான் பாடத் திட்டம் போடுவார்கள். பத்துப் பிள்ளை இருந்தால் பத்துத் திட்டம்.

யோசனை அருமையானது. ஆனால் கட்டை அவிழ்த்துத் தேட யாருக்குப் பொழுது? மேலாக இருக்கிற அட்டைதான் எல்லோர் கைக்கும் வரும். போகிற வகுப்பிலெல்லாம் பிள்ளைகள் மணி கோத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கை பரபரத்தது. டேட்டாபேஸுக்கென்றே பிறந்த விஷயம் இது! டேட்டாபேஸ் என்றால், தகவல்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி வைத்துக்கொண்டு, கேட்டதை மட்டும் பொறுக்கிக் கொடுக்கிற ஏற்பாடு. என்ன வயது, எந்தத் துறை, எந்தச் செயல், என்னென்ன படிகள் என்று கட்டம் போட்டேன். அந்தக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். டீச்சர் சத்தமாக வாசித்துப் பார்த்துவிட்டு, "பானு, இது தமிழ் மாதிரியும் இருக்குது, யாரோ பல்லு வலியில பேசற மாதிரியும் இருக்குது" என்றார்.

அட்டைகளில் பாதி எப்போதோ வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து மொழிபெயர்த்தவை. 'பனியில் விளையாடப் போகுமுன் கையுறை அணியும்' என்று ஒன்று. கோயமுத்தூரில் பனிக்கு எங்கே போவது? அழித்துவிடலாமா என்று கேட்டேன்.

"வால்பாறைப் பையன் ஒருத்தன் இங்க மாமா வீட்டுல தங்கிப் படிக்கிறானே, ஊருக்குப் போனா அவன் ஸ்வெட்டர் போட வேண்டாமா? கையுறையை எடுத்துட்டு ஸ்வெட்டர்னு போடு. படி எல்லாம் ஒண்ணுதான். கையை விடணும், இழுக்கணும்."

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா தெலுங்கில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையும் சிரித்தார். "பட்டறைல நட்டு எண்ணுனது பத்தலைன்னு இப்பப் புள்ளைங்களுக்கு ஸ்டாக் எடுக்கறயா?"

எடுத்தேன். எடுக்க எடுக்க ருசியாக இருந்தது.

கட்டிலோடு ஒரு முடிச்சு

எல்லா அட்டையும் உள்ளே ஏறி முடிந்த சமயத்தில் பூங்கொடியின் அம்மா சரசக்கா பள்ளிக்கு வந்தார். தலைமுடியிலும் புருவத்திலும் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தது. அவரும் கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"ஏனுங்க டீச்சர், இவ இங்க இருக்கறப்ப ஒண்ணும் இல்லீங்க. பள்ளிக்கூட வேன்ல ஊட்டுக்கு வந்தப்பறந்தான். நானும் அவிய அப்பனும் தறி ஓட்டோணும். இவ குடோனுக்குள்ள வந்து பெல்ட்டத் தொடறா."

"நாடா பறக்கற எடமாச்சே?" என்றார் டீச்சர். தறியில் நூலோடு குறுக்கே பாய்கிற கட்டைக்கு நாடா என்று பெயர்; சில சமயம் தெறித்து வெளியே வந்துவிடும்.

"நாடாகூடப் பரவால்லீங்க. போன மாசம் கரண்ட் போச்சு. சுச்ச அமத்த மறந்துபோட்டோம். தறி நின்னதும் இவ உள்ள போயி பெல்ட்டப் புடிச்சுட்டு நிக்கறா. கரண்ட் வந்துருச்சு. பாவாடையச் சுருட்டிருச்சுங்க. அவரு பாஞ்சு போயி அமத்துனதுனால புள்ள தப்பிச்சா."

பிறகு டீச்சரைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இப்ப பழைய சேலைல காலக் கட்டி, கட்டல்ல முடிஞ்சு போட்டுட்டுத்தானுங்க தறிக்குப் போறேன்."

டீச்சர் ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அவரு, முழுப்பரீட்சை லீவு உட்டதும் எங்கியாவது விடுதில சேத்திப்போடலாம்ங்கறாரு. மெட்ராஸ் பக்கம் ஒண்ணு இருக்குதாமா. அவரச் சொல்லிக் குத்தமில்லீங்க. லீவுல நாள் முச்சூடும் கட்டி வெக்க முடியுமா? எனக்கு ரெண்டுக்கும் மனசு ஒப்பல டீச்சர். ஊட்டுல இருக்கோணும். கட்டாம இருக்கோணும்."

நிலாவும் நிலக்கடலையும்

சரசக்கா போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். 'பாதுகாப்பு' என்ற துறையைக் கேட்டேன். அடுப்பு வந்தது, கத்திரிக்கோல் வந்தது, மருந்து பாட்டில் வந்தது. இயந்திரம் என்று ஒன்றுகூட இல்லை. அந்தப் புத்தகம் எழுதியவர்கள் ஊரில் வீட்டுக்குள் தறி ஓடாது போலிருக்கிறது.

"அந்தக் கட்டுல இல்லைன்னு எனக்கே தெரியுமே" என்றார் டீச்சர்.

"கட்டை விடுங்க டீச்சர். அவ என்ன செய்யணும்? நிக்கணும். அவ்வளவுதான?"

துறையை விட்டுவிட்டு, 'நில்' என்றோ 'நிற்' என்றோ ஆரம்பிக்கிற சொல் உள்ள செயல்களை எந்தத் துறையில் இருந்தாலும் கொடு என்று கேட்டேன். இங்கிலீஷ் எழுத்தில் 'nil' என்று தேடினால் நிலாவும் நிலமும் சேர்ந்துதானே வரும்? 'நிலாவைச் சுட்டிக் காட்டும்' வந்தது. 'நிலக்கடலை உரிக்கும்' வந்தது. டீச்சர் சிரித்த சிரிப்பில் ஆயாம்மா எட்டிப் பார்த்தார். ஆனால் அதற்குக் கீழேயே இரண்டு வரிகள் இருந்தன. வெளி நடமாட்டம் என்ற கட்டிலிருந்து, 'சாலை ஓரத்தில் சொன்னவுடன் நிற்கும்.' விளையாட்டு என்ற கட்டிலிருந்து, 'போட்ட கோட்டைத் தாண்டாமல் நிற்கும்.'

டீச்சர் சிரிப்பதை நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"ரெண்டும் என் அலமாரியிலதான் இருக்குது. ஒண்ணு மேல் தட்டு, ஒண்ணு கீழ் தட்டு. சேர்த்து வச்சுப் பார்க்கத் தோணலையே!"

படிகளும் அதிலேயே இருந்தன. முதலில் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும். அப்புறம் வாயால் சொல்ல வேண்டும். அப்புறம் சொல்லாமலே நிற்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பூங்கொடி பெயருக்கு ஒரு திட்டம் அச்செடுத்தோம். அந்த அச்சு இயந்திரம் கரகரவென்று இழுத்து இழுத்து அடிக்கும்போது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? கல்லூரியில் நான் எழுதிய புரோகிராம்கள் எல்லாம் இல்லாத கம்பெனிக்கு இல்லாத ஆட்களின் சம்பளம் போட்டவை. இந்தக் காகிதத்துக்கு ஒரு பிள்ளை இருந்தாள்.

பள்ளி வராந்தாவில் மஞ்சள் சாக்பீஸால் கோடு. தினம் பிரார்த்தனை முடிந்ததும் பூங்கொடியை நடக்கவிட்டு, டீச்சர் "நில்லு" என்பார். முதலில் டீச்சரின் கையில் தொங்கிக்கொண்டு நின்றாள். போகப் போக, குரல் கேட்டதும் டக்கென்று நின்று, தானே கைதட்டிக்கொண்டாள். வராந்தாவின் எந்தப் பக்கத்திலிருந்து சொன்னாலும் நின்றாள். 'முடிந்தது' என்று பதிந்தேன். அந்தக் காகிதத்தோடுதான் கருமத்தம்பட்டி பஸ் ஏறினோம்.

"நீங்க கேக்கலீங்களே"

குடோன் வாசலில் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கொஞ்சம் தள்ளி, வேப்பமரத்தடிக்கு எங்களைக் கூட்டி வந்தார் சுப்பிரமணி. அங்கேயும் சத்தம் இருந்தது, ஆனால் பேச்சுக் கேட்டது. பூங்கொடி மூச்சு வாங்கிக்கொண்டு அம்மா மேல் சாய்ந்து நின்றாள்.

"போதுமுங்க டீச்சர். நீங்களும் உங்களாலானதச் செஞ்சுபோட்டீங்க. நான் விடுதிக்கு எழுதிப் போட்டர்றனுங்க."

சரசக்கா மகளின் சடையில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "பானு, நான் கத்துனது உனக்குக் கேட்டுச்சா?"

"இல்லைங்க டீச்சர்."

"எனக்கே கேக்கல."

சுப்பிரமணி இதில் என்ன அதிசயம் என்பது போலப் பார்த்தார். "குடோனுக்குள்ள யாருக்குங்க கேக்கும்? நாங்க எல்லாமே கைலதான் பேசிக்குவோம். நூல் அறுந்தா இப்பிடி" என்று இரண்டு விரலை முறுக்கிக் காட்டினார். "டீ வந்தா இப்பிடி" என்று கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோனார்.

"அதை முதல்லயே சொல்லக்கூடாதுங்களா?" என்றார் டீச்சர்.

"நீங்க கேக்கலீங்களே!"

அவ்வளவு நேரம் வாய் திறக்காமலிருந்த சரசக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். டீச்சரும் சிரித்துவிட்டார். சுப்பிரமணி மட்டும் சிரிக்கவில்லை.

"கைல சொன்னா நிப்பான்னே வெச்சுக்கலாமுங்க. கரண்ட் போறப்ப? தறி ஓடறப்பக்கூட இவளுக்கு ஒரு பயம் இருக்குது. சத்தம் நின்னா நேரா உள்ள போயிருவா. அப்ப நாங்க எல்லாம் டீக்கடைல இருப்பமே, யாருங்க கையக் காட்டறது?"

"யாரும் காட்டாம நிக்கணும். அது கடைசிப் படி. எனக்கு லீவு விடற வரைக்கும் நேரம் குடுங்க" என்றார் டீச்சர்.

சுப்பிரமணி மகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "லீவு வரைக்குமுங்க" என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் என்னால் உட்கார முடியவில்லை. ஒவ்வொரு நோக்கமாக நினைவுக்கு வந்தது. சொன்னவுடன் எடுக்கும், சொன்னவுடன் கொடுக்கும், சொன்னவுடன் நிற்கும். எல்லாமே அமைதியான வகுப்பறைக்கு எழுதியது! 'எங்கே' என்று ஒரு கட்டம் வேண்டும். 'எதைப் பார்த்து, எதைக் கேட்டு' என்று இன்னொன்று வேண்டும். அத்தனை அட்டைக்கும் அதை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை போய்வந்தால்தான் நிரப்பவே முடியும். மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன்.

டீச்சர் ஒரு பொட்டலத்தை நீட்டினார். "பஸ்ஸுல கம்ப்யூட்டர் கிடையாது. இந்தா, கடலை தின்னு."

மாவு மில் வாசல்

பள்ளிக்கூடத்தில் தறிச் சத்தத்துக்கு எங்கே போவது? அடுத்த தெருவில் ஒரு மாவு மில் இருந்தது. டீச்சர் போய்ப் பேசிவிட்டு வந்தார். மில்காரர் தலையை ஆட்டிவிட்டாராம். அவருக்குக் கேட்டுத்தான் ஆட்டினாரா என்று தெரியாது.

மில் வாசலில் கோடு போட்டு, டீச்சர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பூங்கொடி நிற்கக் கற்றுக்கொள்வதற்குள், கோதுமைத் தூக்கோடு வந்த தெரு ஜனமெல்லாம் நிற்கக் கற்றுக்கொண்டது. "ஏனுங்கக்கா, ரேஷன்ல மாதிரி இங்கயும் வரிசைங்களா?" என்று ஒரு அம்மா கோபித்துக்கொண்டார்.

மாலையில் வீட்டில் சரசக்கா அதையே செய்தார். தறிக்கு நடுவில் நின்றபடி, மகள் கோட்டுக்கு வரும்போதெல்லாம் கையைத் தூக்கினார். ஒரு கை நூலிலும் ஒரு கை மகளுக்குமாக இருந்ததில் துணி கொஞ்சம் கோணலாகப் போனதாகக் கேள்வி. கரண்ட் போனால் டீ குடிக்கப் போகாமல் கோட்டின் எதிர்ப்பக்கம் வந்து நின்றுகொண்டார். பிறகு கையைப் பாதி மட்டும் தூக்கினார். பிறகு தூக்காமல் பார்க்க மட்டும் செய்தார். படிகளை அவருக்காகத் தமிழிலேயே கையால் எழுதிக் கொடுத்திருந்தேன். குடோன் சுவரில், மாரியம்மன் படத்துக்குக் கீழே ஒட்டி வைத்திருந்தார்.

இதற்கிடையில் பெங்களூரிலிருந்து கூப்பிட்டார்கள். லீவுக்கு அப்புறம் வருகிறேன் என்று எழுதினேன். அப்பா பட்டறையில் இருந்த ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

மறுபடியும் கருமத்தம்பட்டி

லீவு விடுகிற வாரம் டீச்சரும் நானும் மறுபடியும் போனோம். வெயிலில் கண் கூசியது. கையில் காகிதம் எதுவும் கொண்டு போகவில்லை.

தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பூங்கொடி வீட்டிலிருந்து வந்தாள், நேராக, வேகமாக. டீச்சர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். சரசக்கா உள்ளே குனிந்து, அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தார். இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பூங்கொடி கோட்டில் கால் விரலை வைத்து நின்றாள்.

நிற்கிறாள் என்று நான் டீச்சரின் தோளைப் பிடித்தேன். டீச்சர் அசையவில்லை. அப்போது கரண்ட் போனது.

சத்தம் படிப்படியாகக் குறைந்து இறங்கி, சட்டென்று எங்கோ காகம் கத்துவது கேட்டது. பெல்ட்டுகள் ஓய்ந்து நின்றன. உள்ளே சுப்பிரமணி சுவிட்சை அணைக்கக் கையைத் தூக்கியவர், அப்படியே திரும்பிப் பார்த்தார்.

பூங்கொடியின் உடம்பு முன்னால் சாய்ந்தது. குதிகால் எழும்பியது. பெல்ட்டைப் பார்த்தாள். கீழே கோட்டைப் பார்த்தாள். குதிகால் மறுபடியும் தரைக்கு வந்தது.

யாரும் அவளுக்குக் கை காட்டவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. "சரசக்கா!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடப் பார்த்தேன். ஒரு கால் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. என் நெஞ்சுக்கு நேராக ஒரு சின்ன உள்ளங்கை விரிந்து நின்றது. பூங்கொடி என்னை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மணி, காலை எடுங்க. உட மாட்டா" என்றார் சரசக்கா.

காலை எடுத்தேன். அவளுக்குப் பக்கத்தில், கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன்.

கரண்ட் வந்தது. சுப்பிரமணி மோட்டார்களை ஒவ்வொன்றாகப் போட, தறிகள் பிடித்துக்கொண்டன. மறுபடியும் எதுவும் கேட்கவில்லை. அவர் தறியை விட்டு வரவில்லை. அங்கிருந்தே டீச்சரைப் பார்த்து, இரண்டு கையாலும் வண்டி ஓட்டுவது போல ஸ்டீயரிங்கைத் திருப்பிக் காட்டினார். மகளைக் காட்டினார். பிறகு கோயமுத்தூர் இருக்கிற திசையைக் காட்டிவிட்டு, புருவத்தைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். லீவு முடிந்ததும் பள்ளிக்கூட வேன் இவளைக் கூட்டிப்போக வருமா என்று கேட்கிறார்.

வரும், வரும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். டீச்சர் அதற்குள் தலையை ஆட்டியிருந்தார், நன்றாக, பெரிதாக, குடோனின் கடைசித் தறி வரை தெரிகிற மாதிரி.